மூடி, பிடி, அடி: தேநீர் மேசைக்கும் கட்டுச்சோற்றுக்கும்

சாயங்காலத் தேநீருக்கும் ஒரு நாள் கட்டுச்சோற்றுப் பயணத்துக்கும் வேண்டிய சாமான்கள் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. மதுரை மாசி வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். பாத்திரம் பார்க்க எங்கள் அப்பா சொல்லிக்கொடுத்த முறை ஒன்றுதான்: முதலில் மூடி, அப்புறம் பிடி, பிறகு கவிழ்த்து அடி. அழகைத் தேட வேண்டாம், அது தானாகக் கண்ணில் படும் என்பார். இன்றைக்கும் நான் கடைக்குப் போனால் அந்த வரிசையில்தான் பார்க்கிறேன். இந்தப் பதில்களையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

வாசகி, எஸ்.எஸ். காலனி: அக்கா, கல்யாணத்துக்கு வந்த டீ செட் ஒன்று பல வருடமாக ஷோகேஸிலேயே இருக்கிறது. தங்க விளிம்பு, ரோஜாப்பூ போட்டது. எடுத்துப் புழங்கலாம் என்றால் மாமியார், "அது போன் சைனா, எலும்பில் செய்தது, நம் வீட்டில் அதில் குடிக்கக்கூடாது" என்கிறார். நாங்கள் சைவம். எலும்பு என்பது உண்மைதானா?

உண்மைதான். மாமியார் விஷயம் தெரிந்தவர். போன் சைனா என்பது களிமண்ணோடு மாட்டு எலும்பைச் சுட்டெடுத்த சாம்பலைக் கலந்து செய்வது. பழைய இங்கிலாந்து முறையில் அந்தச் சாம்பல் கிட்டத்தட்டப் பாதி அளவுக்கு இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டோக் ஊரில் ஜோசையா ஸ்போட் என்பவர் இந்தக் கலவையைச் செம்மைப்படுத்தினார். எலும்புச் சாம்பல் சேர்ந்தால் கோப்பையை மெல்லிசாக இழைக்கலாம், இருந்தும் எளிதில் உடையாது. அதுதான் காரணம்.

ஆனால் ரோஜாப்பூவும் தங்க விளிம்பும் இருப்பதெல்லாம் போன் சைனா ஆகிவிடாது. கோப்பையைக் கவிழ்த்து அடியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். போன் சைனா என்றால் பெருமைக்காகவே எழுதியிருப்பார்கள். எழுத்து ஒன்றும் இல்லையென்றால் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்பக்கம் விரலை வையுங்கள். போன் சைனாவாக இருந்தால் விரலின் நிழல் தெரியும், நிறமும் பால் ஆடைபோலக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளையாக இருக்கும். மெல்லிய போர்சலீனிலும் நிழல் தெரியும், ஆனால் அது நீலம் தட்டிய வெள்ளை. கனமாக இருந்து வெளிச்சமே ஊடுருவவில்லை என்றால் அது ஸ்டோன்வேர் அல்லது சாதாரணப் பீங்கான். போர்சலீன், ஸ்டோன்வேர் இரண்டிலும் எலும்பு கிடையாது. மண்ணும் கல்பொடியும்தான்.

பார்த்த பிறகு போன் சைனா என்றே உறுதியானால், மாமியாரோடு வாதாட வேண்டாம். மனதுக்கு ஒவ்வாத கோப்பையில் தேநீர் ருசிக்காது. புழங்கக்கூடிய வீட்டுக்குச் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு, நீங்கள் போர்சலீனில் ஆறு கோப்பை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது பிடிக்குள் விரல் நுழைகிறதா என்று கடையிலேயே பிடித்துப் பாருங்கள். பல கோப்பைகளின் பிடி படத்துக்கு அழகாக இருக்கும், விரல் நுழைந்தால் முட்டி கோப்பையில் பட்டுச் சுடும். அடி வளையத்தில் உள்ளங்கையைத் தேயுங்கள். சொரசொரப்பாக இருந்தால் சாசரிலும் மேசையிலும் கீறல் போடும். சுண்டிப் பார்த்தால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் எங்கோ மயிர்க்கோடு விட்டிருக்கிறது.

போர்சலீன்தான் என்று தெரிந்துவிட்டால் நாளைக் காலையிலேயே ஷோகேஸைத் திறங்கள். தங்க விளிம்பை மைக்ரோவேவில் வைக்கக்கூடாது, கம்பி நாரும் போடக்கூடாது. இவ்வளவுதான் கட்டுப்பாடு. ஒரு கோப்பை உடைந்தால் உடையட்டும். உங்கள் பிள்ளைகள் அந்த ரோஜாப்பூவைக் கண்ணாடிக்கு வெளியே பார்த்து வளர வேண்டும் என்பது என் ஆசை.

வாசகர், ஆரப்பாளையம்: கண்ணாடி கிளாஸில் டீ ஊற்றினால் சில சமயம் பட்டென்று விரிசல் விடுகிறது. டீக்கடையில் மட்டும் உடைவதே இல்லையே, எப்படி?

டீக்கடைக்காரர் கிளாஸை முதலில் கொதிநீரில் அலசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தத்துக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அலசும்போதே கிளாஸ் சூடேறிவிடுகிறது. நம் வீட்டில் கிளாஸ் கடப்பைக்கல் மேடையில் குளிர்ந்து கிடக்கும். அதில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது, நடுவில் பிளந்துவிடும். கிளாஸ் கனமாக இருந்தால் ஆபத்து அதிகம், குறைவில்லை.

போரோசிலிகேட் கண்ணாடி என்று கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. 1880களில் ஜெர்மனியில் ஓட்டோ ஷாட் உருவாக்கிய கண்ணாடி அது, ஆய்வுக்கூடங்களில் புழங்குவது. சாதாரணக் கண்ணாடி சூட்டில் விரிவதில் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். ஆனால் கைதவறிக் கீழே விழுந்தால் இதுவும் உடையும், அதில் மாற்றமில்லை.

வாசகி, திருநகர்: ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் குழந்தைகளோடு போகிறோம். பேப்பர் தட்டு, பேப்பர் கப் எடுத்துப்போவதில் எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் எவர்சில்வர் தட்டெல்லாம் தூக்கிக்கொண்டு போனால் கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். எதை எடுத்துப்போவது?

அந்தத் தாமரைக் குளக்கரையும் ஆலமர நிழலும் மதுரைக்காரர்களுக்குக் கிடைத்த வரம். அங்கே உட்கார்ந்து சாப்பிடும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மலைமேல் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கும் இடத்துக்குச் சாப்பாட்டைக் கொண்டுபோகாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். எண்ணெய்க் கை பாறையில் பட்டால் கறை போகாது.

பேப்பர் கப்பை விட்டது நல்ல முடிவு. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. இன்னும் கடையில் கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

எவர்சில்வர் கனம் என்று தோன்றுவது நாம் சாப்பாட்டுத் தட்டை எடுத்துப்போவதால்தான். கட்டுச்சோற்றுக்குச் சாப்பாட்டுத் தட்டு எதற்கு? விளிம்பு தூக்கிய சின்ன டிபன் தட்டு போதும். ஒன்றுக்குள் ஒன்று அமர்கிற மாதிரி ஒரே அளவில் வாங்குங்கள். கடையில் ஆறை அடுக்கி, பக்கவாட்டில் பாருங்கள். இடைவெளி இல்லாமல் அமர்ந்தால் ஆறு தட்டும் ஒரு கைப்பிடி உயரம்கூட வராது. டம்ளரும் அப்படித்தான், வாய் அகன்று அடி குறுகியதாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று போகும். நேரான டம்ளர் போகாது. தட்டின் விளிம்பு மடித்திருக்க வேண்டும், வெட்டுவிளிம்பு குழந்தைகள் உதட்டைக் கீறும்.

அப்புறம் ஒன்று, தட்டுகளில் பெயர் வெட்டிக்கொள்ளுங்கள். நம்ம ஊர்ப் பாத்திரக்கடைகளில் வாங்கும்போதே வெட்டித் தருவார்கள். நாலு குடும்பம் சேர்ந்து போகிற இடத்தில் யார் தட்டு யாரிடம் போனது என்ற பேச்சே வராது. பெயரோடு தேதியும் வெட்டச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அத்தை பெயரும் வருடமும் வெட்டிய தட்டு ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. என் பேத்தி அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம் என்று கட்டிப்போவதானால் வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டிக்கொள்ளுங்கள், மடித்தால் கிழியாது. மந்தாரை இலை தைத்தது கிடைத்தால் அதைவிட நல்லது, சாதம் ஈரம் விடாமல் இருக்கும். பாக்குமட்டைத் தட்டு உறுதியானதுதான், ஆனால் குழம்பு ஊற்றிவிட்டு வெகுநேரம் வைத்திருந்தால் நசநசத்துவிடும்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், தட்டு கழுவுகிற முறை அவருடையது என்று. அங்கேயே கழுவ வேண்டாம், துடைத்து ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவலாம். குளத்தில் சோப்பு போடாதீர்கள்.

வாசகி, மேலூர்: பாட்டியின் பித்தளை டிபன் கேரியரும் கூஜாவும் பரணிலிருந்து கிடைத்தன. தேய்த்து வைத்தால் கண்ணைப் பறிக்கிறது. அழகர்கோவிலுக்குப் போகும்போது கேரியரில் புளியோதரை கட்டிப்போகலாமா? என் மகள் வேண்டாம் என்கிறாள்.

இப்போதைக்கு உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள், ஈயம் பூசிய பிறகு பாட்டி வழியில் போங்கள்.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி எது பட்டாலும் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும். களிம்பு ஏறிய சோறு வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். அதனால்தான் பாட்டிகள் காலத்தில் வருடம் ஒரு தடவையாவது உள்ளே ஈயம் பூசினார்கள். கேரியர் அடுக்கின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளிபோல் இருந்தால் பூச்சு இருக்கிறது. அங்கங்கே மஞ்சள் தெரிந்தால் பூச்சு போய்விட்டது. உள்ளே முழுக்க மஞ்சளாக மின்னினால், பரணிலிருந்து எடுத்த ஆர்வத்தில் உள்பக்கமும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

பூசுகிறவர்கள் இப்போது குறைந்துபோனார்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் பித்தளைக் கடைகளில் கேட்டால் ஆள் சொல்வார்கள். புதுமண்டபத்தில் இருந்த பாத்திரக்கடைகளைத் தேடிப்போனால் அங்கே இருக்காது, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பூசக் கொடுக்கும்போது முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள், அவ்வளவு அழகான வேலை அது. பாத்திரத்தை அழுக்குப் போகச் சுத்தம் செய்து, நெருப்பில் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள். குப்பென்று வெள்ளைப் புகை எழும். அடுத்த நொடி ஈயத்துண்டை உள்ளே தேய்த்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினால் மஞ்சள் மறைந்து வெள்ளை பரவும். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் கலந்திருக்கக்கூடாது. இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள், நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார்.

வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றாதீர்கள். கம்பி நாரும் வேண்டாம், தேங்காய் நாரோ துணியோ போதும். புளியும் உப்பும் வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

புளியோதரை என்று குறிப்பாகக் கேட்டதால் சொல்கிறேன்: நல்லெண்ணெய் விட்டு, ஆறவைத்த பிறகு அடுக்கில் போடுங்கள். சூடாகப் போட்டு மூடினால் மூடியில் வியர்த்துச் சொட்டும், சீக்கிரம் கெடும். கேரியரின் பக்கக் கம்பியும் கொக்கியும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பாருங்கள். பழைய கேரியரில் முதலில் தளர்வது கொக்கிதான். அடுக்குகளில் டொக்கு விழுந்திருந்தால் தட்டி எடுத்துவிடுவார்கள், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கூஜாவின் திருகுமூடியைச் சுற்றிப் பாருங்கள். மரை தேயாமல் இருந்தால் உங்களுக்குப் பெரிய சொத்து. ரயிலில் தண்ணீர் கொண்டுபோவதற்கென்றே செய்தது அது. தண்ணீருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மோரோ எலுமிச்சை ஜூஸோ வேண்டாம்.

வாசகர், வாடிப்பட்டி: அழகர்கோவிலில் எங்கள் மொத்த டிபனையும் குரங்கு தூக்கிப்போய்விட்டது. இதற்கு ஏதாவது பாத்திரம் இருக்கிறதா?

குரங்கு தேடுவது பையை. சலசலக்கும் கவர், கையில் தொங்கும் பை, வெளியே தெரியும் பழம் இதைப் பார்த்துத்தான் வரும். கொக்கி போட்ட கேரியரைத் தடித்த துணிப்பையில் வைத்து மடியோடு அணைத்துப் போங்கள். மலைமேல் பழமுதிர்ச்சோலைக்கும் நூபுர கங்கைக்கும் போய்வரும் வரை திறக்கவே வேண்டாம். கீழே வந்து, கூரை உள்ள இடமாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். குரங்குக்கு நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள், அடுத்து வருகிற குடும்பத்தின் பையை அது பறிக்கும்.

வாசகி, பழங்காநத்தம்: கொடைக்கானல் போகும்போதெல்லாம் பிளாஸ்கில் டீ எடுத்துப் போகிறோம். போய்ச் சேர்வதற்குள் ஒரு மாதிரி வாடை வந்துவிடுகிறது. பிளாஸ்கை மாற்ற வேண்டுமா?

பிளாஸ்கை மாற்றும் முன் உள்ளே ஊற்றுவதை மாற்றுங்கள்.

பால் சேர்த்த டீயை மூன்று நான்கு மணி நேரம் சூட்டிலேயே மூடி வைத்தால் பால் வேறு ருசிக்குப் போய்விடும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் கிருமியும் பெருகும். நான் செய்வது இது: ஒரு பிளாஸ்கில் டிகாஷன், இன்னொரு சின்ன பிளாஸ்கில் கொதிக்கக் காய்ச்சிய பால், சர்க்கரை தனியாக ஒரு டப்பாவில். வத்தலகுண்டு தாண்டி மலை ஏறுவதற்கு முன் வண்டியை நிறுத்திக் கலந்து குடித்தால் அப்போதுதான் போட்ட மாதிரி இருக்கும். பால் அதற்கு மேல் தாங்காது, மேலே போய்க் குடிக்க டிகாஷனை மட்டும் வைத்துக்கொண்டு பாலை அங்கே வாங்கிக் காய்ச்சிக்கொள்ளுங்கள். டிகாஷனைத் தூள் இல்லாமல் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். தூள் உள்ளே கிடந்தால் வழியெல்லாம் ஊறிக் கசந்துவிடும். இஞ்சி சேர்ப்பதானால் டிகாஷனோடு கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியைப் பாலில் தட்டிப் போட்டால் பால் திரிந்துபோகும்.

ஊற்றுவதற்கு முன் பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்துக் கொட்டுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே சூடு கூடுதல் நேரம் நிற்கும். கழுத்துவரை நிரப்புங்கள், அரைப் பிளாஸ்க் சீக்கிரம் ஆறும்.

வாடைக்குப் பெரும்பாலும் காரணம் மூடியில் இருக்கும் ரப்பர் வளையம். அதைக் கழற்றிப் பாருங்கள், பழைய பால் ஒட்டியிருக்கும். உள்ளே இரண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டுக் கொதிநீர் ஊற்றி இரவு விட்டுவிட்டால் கறையும் வாடையும் போகும். காய்ந்த பிறகு மூடாமல் வையுங்கள். மூடிவைத்த பிளாஸ்க் எதுவும் வாடை பிடிக்கும்.

பிளாஸ்க் கெட்டுவிட்டதா என்று அறிய ஒரு வழி: கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொடுங்கள். சுட்டால் இரண்டு சுவர்களுக்கும் நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது, சரிசெய்ய முடியாது. அந்த இரட்டைச் சுவர் யோசனை 1892இல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானியுடையது. குளிரூட்டித் திரவமாக்கிய வாயுக்கள் ஆவியாகாமல் காக்க அவர் செய்த குடுவைதான் நம் கையில் பிளாஸ்க் ஆனது.

வாசகி, சிம்மக்கல்: பழைய சுங்குடிச் சேலையை மேசைவிரிப்பாகத் தைக்கலாம் என்று நினைக்கிறேன். சாயம் போகுமா?

தையுங்கள், அருமையான யோசனை. பருத்தித் துணி, டீ சிந்தினால் உடனே உறிஞ்சும், கோப்பை வழுக்காது. புள்ளி புள்ளியாக முடிச்சுப்போட்டு எடுத்த டிசைனுக்கு முன்னால் கடையில் விற்கும் பிளாஸ்டிக் லேஸ் விரிப்பெல்லாம் நிற்காது. சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் செய்துவந்த வேலை, புவிசார் குறியீடும் பெற்றது.

பல தடவை துவைத்த சேலை என்றால் போக வேண்டிய சாயம் போயிருக்கும். இருந்தாலும் வெள்ளைத் துணியை நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் கல்லுப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துத் தனியாக அலசுங்கள், நிழலில் உலர்த்துங்கள். உடல் பகுதியில் விரிப்பு வெட்டுங்கள், முந்தியில் கைக்குட்டை அளவுக்கு ஆறு துணி வரும். பஜ்ஜி, வடை பரிமாறும்போது மடியில் போட்டுக்கொள்ள.

மஞ்சள் கறை பட்டால் உடனே சோப்பு போடாதீர்கள், சிவந்துபோகும். தண்ணீரில் அலசி, கறை பட்ட இடத்தை மட்டும் வெயிலில் காட்டுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது, தானே வெளுக்கும்.

வாசகர், கே.கே. நகர்: அம்மா, நான் வேலைக்காக மதுரை வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். சாயங்காலம் நண்பர்கள் வருவார்கள். டீ போட்டுக் கொடுக்க ஆசை. என்னிடம் ஒரு மின் கெட்டிலும் இரண்டு பிளாஸ்டிக் டம்ளரும்தான் இருக்கின்றன. குறைந்த காசில் என்ன வாங்கலாம்?

நண்பர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே, தம்பி, ரொம்பச் சந்தோஷம்.

முதலில் அந்தப் பிளாஸ்டிக் டம்ளரில் சூடான டீ ஊற்றாதீர்கள். மெலமைன் கோப்பை கண்ணுக்குப் பீங்கான் மாதிரி அழகாக இருக்கும், விலையும் குறைவு, அதையும் டீக்கு வாங்காதீர்கள். 70 டிகிரிக்கு மேல் சூடுபட்டால் அதிலிருந்து ரசாயனம் இறங்கும். கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள், பொங்கி வழியும், அடியில் பிடித்துக் கருகும். தண்ணீருக்கு மட்டும் கெட்டில்.

வாங்க வேண்டியது: அடி கனமான பால் பாத்திரம், நீளக் கைப்பிடி போட்டது. கைப்பிடி இரண்டு இடத்தில் ஆணியடித்திருக்க வேண்டும், ஒரே ஆணி என்றால் ஆடும். ஒரு எவர்சில்வர் வடிகட்டி. டீக்கடை கண்ணாடி கிளாஸ் ஆறு. அப்புறம் ஒரு ட்ரே. ட்ரே எதற்கு என்று நினைப்பீர்கள். ஆறு கிளாஸை ஒரே தட்டில் வைத்துக் கொண்டுவந்து நடுவில் வைக்கும்போதுதான் வந்தவர்கள் விருந்தாளி ஆகிறார்கள். ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தாம்பாளம் போதும், முறுக்கு வைக்கவும் ஆகும். எல்லாம் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பாத்திரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

வாசகி, மானகிரி: மானாமதுரையிலிருந்து மண் குவளைகள் வாங்கி வந்தேன். முதல் நாள் டீ மணமாக இருந்தது. இப்போது புளித்த வாடை வருகிறது.

மண்ணுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அந்தத் துளைகளுக்குள் பால் இறங்கிவிட்டால் கழுவி எடுக்க முடியாது. சோப்பு போட்டால் சோப்பும் உள்ளே போய், அடுத்த தடவை டீயில் நுரைக்கும்.

இப்போது இருக்கும் குவளைகளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்துப் பாருங்கள். வாடை போனால் தண்ணீர், பானகம், கடுங்காப்பி இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பால் சேர்ந்தது எதுவும் வேண்டாம். போகவில்லை என்றால் துளசியோ புதினாவோ நட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை வாங்கும்போது வண்ணம் பூசிப் பளபளப்பாக்கிய குவளையைக் குடிப்பதற்கு வாங்காதீர்கள், அந்தப் பூச்சு அலங்காரத்துக்கானது. சுட்ட மண்ணின் நிறத்திலேயே இருப்பதைச் சுண்டிப் பார்த்து எடுங்கள். மானாமதுரை மண்ணில் கடம் செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், சத்தம் சொல்லிவிடும். அந்த ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வைகையோரக் கண்மாய் மண்ணைப் பிசைகிற அந்தக் குடும்பங்களிடமிருந்து நேரில் வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள்.

வாசகி, அண்ணா நகர்: மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு மொட்டைமாடியில் "டீ பார்ட்டி" வேண்டும் என்கிறாள். ஆங்கிலப் படங்களில் வருகிற மாதிரி மூன்றடுக்குத் தட்டு வேண்டுமாம். வாங்கலாமா?

வாங்குங்கள். பிறகு கொலுவுக்குச் சுண்டல் வைக்கவும் ஆகும். இங்கிலாந்தில் 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஆன்னா, மதியச் சாப்பாட்டுக்கும் இரவு வெகுநேரம் கழித்து வரும் விருந்துக்கும் நடுவே பசி தாங்காமல் நாலு மணிக்கு மேல் தேநீரும் ரொட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் பரவிய வழக்கம் என்பார்கள். அடுக்குத் தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்ற சின்ன பன், மேலே கேக். கீழிருந்து மேலே சாப்பிடுவது முறை.

நம் அடுக்கில் கீழே வாழைப்பூ வடை, நடுவில் இனிப்புப் பணியாரம், மேலே கேக் துண்டு வையுங்கள். வடை வைக்கும் தட்டில் வாழையிலையை வட்டமாக நறுக்கிப் போட்டுவிடுங்கள், எண்ணெய் தட்டில் இறங்காது, பச்சை நிறமும் அழகாக இருக்கும். வாங்கும்போது நடுக்கம்பியைத் திருகி, மேல் தட்டின் விளிம்பை ஒரு விரலால் அழுத்துங்கள். சாய்ந்தால் வேண்டாம். பத்து வயசுக் கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே கவிழும்.

குழந்தைகளுக்கு டீ வேண்டாம். டீபாட்டில் சூடான பருத்திப்பாலை ஊற்றி அவர்கள் கையாலேயே கோப்பையில் ஊற்றவிடுங்கள். நம்ம ஊர் சாயங்காலத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் பருத்திப்பால் கெட்டியானது, ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டதை நன்றாக வடிகட்டி, கொஞ்சம் இளக்கி ஊற்றினால்தான் டீபாட்டின் மூக்கு அடைக்காது. டீபாட்டைச் சாய்க்கும்போது மூடி விழாமல் இருக்க வேண்டும், கடையில் தண்ணீர் இல்லாமலே சாய்த்துப் பாருங்கள். மொட்டைமாடித் தரை ஐந்தரை மணி வரை சுடும். ஒரு வாளித் தண்ணீர் தெளித்து, காய்ந்த பிறகு கோரைப்பாய் விரியுங்கள். ஈரத்தில் விரித்தால் பாய் பூசணம் பிடிக்கும். முடிந்ததும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

வாசகி, உசிலம்பட்டி: பிக்னிக் கூடை என்று பிரம்பில் செய்தது கடையில் நிறைய விலை சொல்கிறார்கள். என்னிடம் அம்மா பின்னிய ஒயர் கூடைதான் இருக்கிறது. அது போதுமா?

போதுமா என்று கேட்கவே வேண்டாம். பிரம்பு அழகானதுதான், ஆனால் குழம்பு சிந்தினால் இடுக்கில் இறங்கும், ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒயர் கூடையைக் குழாயடியில் காட்டினால் முடிந்தது. சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று அம்மா எதில் பின்னியிருக்கிறார் என்று எழுதவில்லை. நெல்லிக்காய் என்றால் சுவர் தடிமனாக இருக்கும், உள்ளே இருப்பது ஒன்றோடொன்று மோதாது, கண்ணாடி கிளாஸ்கூட வைக்கலாம்.

கனம் தாங்க அடியில் அளவாக வெட்டிய பலகையோ தடித்த அட்டையோ போடுங்கள், கேரியர் சாயாமல் நிற்கும். கனமானது அடியில், பிளாஸ்க் ஓரமாக நிமிர்ந்து, தட்டுகள் பக்கவாட்டில் செருகி, மேலே விரிப்புத் துணி. கைப்பிடி கூடையோடு சேரும் இடத்தில் ஒயர் வெளுத்து வெடித்திருக்கிறதா என்று பாருங்கள், அங்கேதான் முதலில் அறுபடும். வெடித்திருந்தால் கைப்பிடியை மட்டும் புது ஒயரில் மாற்றிப் பின்னலாம். அம்மாவிடமே கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.